லெட்சுமியின் வலது கண்

"வேற ஏதாச்சும் சொட்டு மருந்து விட்டீங்களா, அங்கிள்?"

முகவாயை ஒரு தாங்கியிலும் நெற்றியை ஒரு பட்டையிலும் அழுத்திக்கொண்டு, இமைக்காமல் இருக்க நான் முயன்றுகொண்டிருந்தபோது இந்தக் கேள்வி வந்தது. ஒளிக்கருவிக்கு அப்பால் இருந்த மருத்துவரின் முகம் எனக்குத் தெரியவில்லை. நீல வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. குளிரூட்டியின் காற்று நேராக என் பின்கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"இல்ல," என்றேன்.

"கடையில வாங்குனது? யாராச்சும் குடுத்தது?"

"ஒண்ணும் இல்ல, டாக்டர். தண்ணியால கழுவுனேன். அவ்வளவுதான்."

எனக்குப் பின்னால், சுவரோரம், என் மகள் மாலதி அமர்ந்திருந்தாள். அவள் தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மறுபடியும் மூடினாள். மிகச் சிறிய ஓசைதான். எனினும் என் முதுகு அதைக் கேட்டது.

எழுபதைத் தாண்டிய ஒருவன், அதுவும் மருந்துகளோடே வாழ்நாளைக் கழித்தவன், கண் மருத்துவரிடம் பொய் சொன்னதை இந்தத் தொடரில் எழுத நேரும் என்று நான் எண்ணியதில்லை. சென்ற வார அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் பொந்தியானிலிருந்து ஓர் அன்பர், என் வாழ்க்கை இளைஞர்களுக்கு ஒரு பாடம் என்று எழுதியிருந்தார். அவர் இந்த வாரமும் படிப்பாராக.

வெள்ளைக் கால்சட்டை

புதிய வாசகர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பாலோவுக்கு அருகில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். ஜொகூர் பாருவில் கல்லூரிப் படிப்பை முடித்து, மருத்துவ உதவியாளருக்கான பயிற்சியையும் பெற்று, தோட்ட மருந்தகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினேன். தோட்டத்து மக்கள் அந்தப் பதவியை டிரஸர் என்பார்கள். கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை அணிந்து தொழிலாளர் வீடுகளின் வரிசையைக் கடந்து நான் நடந்தபோது, என் தந்தையோடு வேலை செய்தவர்களே எழுந்து நின்றார்கள்.

அவர்கள் என்னை டாக்டரய்யா என்று அழைத்தார்கள். நான் டாக்டர் அல்லன். அதை ஒருமுறைகூட நான் எடுத்துச் சொன்னதில்லை.

ஓய்வு பெற்று, செனாயை அடுத்த ஒரு தாமான் குடியிருப்பில் குடியேறிய பிறகும் அந்தப் பெயர் என்னோடு வந்தது. எங்கள் கோயிலில் மருத்துவ முகாம் பொறுப்பு என்னுடையது. காய்ச்சல், சளி, கண் சிவப்பு என்றால் அக்கம்பக்கத்தார் முதலில் என் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். வழக்கமான மருந்துக் கடையில் நான் கேட்டால் மருத்துவச் சீட்டைக் கேட்க மாட்டார்கள். "டாக்டரய்யாவுக்கு எதுக்குச் சீட்டு," என்பார் கடைக்காரர். அதைக் கேட்பதற்காகவே நான் அந்தக் கடைக்குச் சென்ற நாட்களும் உண்டு.

கிளையும் வரைபடமும்

அந்தக் கிளினிக்கில் கண்ணின் முன்புறத்துக்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. கருவிழியை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற கார்னியா, வெண்விழியின் மேற்பரப்பு, கண்ணீர்ப் படலம் ஆகியவற்றுக்கு வரும் நோய்களை மட்டும் அங்கே பார்க்கிறார்கள். காத்திருப்புக் கூடத்தில் சீன மூதாட்டி ஒருவர், இரண்டு கீழிமைகளிலும் மெல்லிய காகிதப் பட்டைகள் தொங்க, சிலைபோல உட்கார்ந்திருந்தார். கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று அளக்கும் சோதனை அது. அவருக்கு அடுத்த நாற்காலியில் ஒரு மலாய் இளைஞர் ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு இருந்தார். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றாமல் தூங்கியதன் விளைவு என்று தம் மனைவியிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கூடத்தில் எவரும் எவரையும் நேராகப் பார்க்கவில்லை.

மருத்துவரை டாக்டர் கவிதா என்று இங்கே குறிப்பிடுகிறேன். நாற்பது வயது இருக்காது. பஞ்சின் நுனியை நூலாகத் திரித்து, பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து, என் இடது கண்ணைத் தொட்டார்.

"தெரியுதா?"

"எது?"

அவர் வலது கண்ணைத் தொட்டார். நான் துடித்துப் பின்வாங்கினேன். மறுபடியும் இடது கண். பஞ்சு பட்டதா இல்லையா என்றே என்னால் சொல்ல முடியவில்லை. கார்னியாவில் உணர்வு மங்குவது எதன் அறிகுறி என்று நானும் ஒரு காலத்தில் படித்தவன்.

பிறகு மஞ்சள் சாயம் தோய்ந்த காகிதத்தை இமைக்குள் தொட்டெடுத்து, நீல ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். அந்தக் கேள்வி பிறந்தது அப்போதுதான்.

"இது ஹெர்ப்பிஸ் வைரஸ், அங்கிள். சாதாரணமா மரக்கிளை மாதிரி மெல்லிசாத் தெரியும். ஒங்களுக்கு அந்தக் கிளை பரந்துபோயி ஒரு மேப் மாதிரி ஆயிருச்சு. ஸ்டீராய்டு கலந்த மருந்து விட்டா இப்படி ஆகும். அதான் திரும்பத் திரும்பக் கேக்குறேன்."

"புரியுது. ஆனா நான் ஒண்ணும் விடல."

அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, ஒரு பொது எச்சரிக்கையைப் போல விளக்கினார். ஸ்டீராய்டு விட்டதும் சிவப்பு மறையும். வலி குறையும். குணமாகிவிட்டதென்று தோன்றும். உள்ளே நோய் தன் போக்கில் பரவிக்கொண்டிருக்கும்.

"செடி, எல ஏதாச்சும் அடிச்ச கண்ணுல விட்டா இன்னும் மோசம். பூஞ்சை புடிச்சிரும். கண்ணே போனவங்கள நான் பாத்திருக்கேன்."

என் கண்ணை நான் மறந்துபோனேன். லெட்சுமியின் வலது கண்தான் நினைவுக்கு வந்தது.

தோரணம் பின்னிய சனிக்கிழமை

அதற்கு நான்கு நாட்களுக்கு முன், கோயில் திருவிழாவுக்காகப் பெண்கள் மண்டபத்தில் அமர்ந்து தென்னங்குருத்தில் தோரணம் பின்னிக்கொண்டிருந்தார்கள். லெட்சுமியும் அவர்களில் ஒருத்தி. ஐம்பதை நெருங்குபவள், கணவனை இழந்தவள். செனாய்த் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்குக் கீழே அரிசிமணியைவிடச் சிறிய பாகங்களை வைத்துப் பழுது கண்டுபிடிப்பது அவள் வேலை. அவள் கண்கள்தாம் அவள் வீட்டை நடத்தின. அவள் தகப்பனாரும் எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர். குழந்தையாக இருந்த அவளுக்குத் தடுப்பூசி போட்டவனே நான்தான்.

ஓலை ஒன்று விசிறியடித்து அவள் கண்ணில் பட்டது. "அலமாக்," என்று முனகிக் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"கிளினிக்குப் போயிட்டு வந்திரு லெட்சுமி," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"கிளினிக் எதுக்கு? டாக்டரய்யா இங்கதான இருக்காரு," என்றாள் இன்னொருத்தி.

பெண்கள் எனக்கு வழிவிட்டார்கள். நான் கை கழுவிக்கொண்டு வந்து, அவள் மேலிமையைக் கட்டைவிரலால் உயர்த்தி, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். "கீறல்தான். பயப்படாத," என்றேன். என் இடது கண்ணும் அப்போது ஒரு வாரமாகச் சிவந்திருந்தது. அதற்காக அந்த மருந்தில் இரண்டு போத்தல்கள் வாங்கியிருந்தேன். உடைக்காமல் இருந்த ஒன்றை வீட்டுக்குப் போய் எடுத்துவந்து அவளிடம் கொடுத்தேன்.

"ஒரு நாளைக்கு நாலு தடவ விடு. சிவப்பு போயிரும்."

"ஐயா கை பட்டாலே போயிரும்," என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அன்று பூசையில் முன்வரிசையில் சற்று நிமிர்ந்தே நின்றேன்.

இலை, செடி பட்ட கண்ணில் ஸ்டீராய்டு விடக்கூடாது என்பது எனக்குத் தெரியாததன்று. பயிற்சிக் காலத்தில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டதுதான். அந்த மண்டபத்தில், அத்தனை பேர் நடுவில், அது என் நினைவில் எழவே இல்லை. ஏன் எழவில்லை என்று பிறகு பல நாட்கள் யோசித்திருக்கிறேன்.

பெரட்டில் ஒரே போத்தல்

தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். கண்நோய் பரவும் மாதங்களில் நிர்வாகியின் கவலை ஒன்றே ஒன்றுதான்: இன்றைக்கு எத்தனை பேர் மரம் வெட்ட வரமாட்டார்கள்.

ஆகவே நான் பெரட்டுக்கே மருந்தோடு போவேன். வரிசையில் நின்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக முகத்தை அண்ணாந்து காட்டுவார்கள். கட்டைவிரலால் இமையைத் தூக்குவேன். இரண்டு சொட்டு. அடுத்தவர். ஒரே போத்தல், ஒரே முனை. அதில் ஸ்டீராய்டு இருந்தது. மாலைக்குள் சிவப்பு மறைந்துவிடும். மறுநாள் யாரும் விடுப்புக் கேட்க மாட்டார்கள். எங்கள் டிரஸரைப் போல எவரும் இல்லை என்று நிர்வாகி மற்றத் தோட்டங்களில் சொன்னார். என் பெயர் அப்படித்தான் வளர்ந்தது.

முனியாண்டி என்று ஒருவர் இருந்தார். கண்நோய்க்காலம் ஓய்ந்து சில மாதங்களுக்குப் பிறகு மருந்தகத்துக்கு வந்தார். அவருடைய ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. கருவிழியின் நடுவே, தேங்காய்ப் பாலைப் போல வெள்ளையாக.

அவரைக் குளுவாங் மருத்துவமனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினால் முன்பு என்ன மருந்து கொடுத்தேன் என்று கடிதத்தில் எழுத வேண்டும். பதிவேட்டில் 'பழைய கோளாறு' என்று எழுதி, வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

"விதிங்க ஐயா," என்றார் அவர். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். அது என் போத்தலால் வந்ததா, வேறெதனாலோ வந்ததா என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. இத்தனை ஆண்டுகளில் இதை நான் எவரிடமும் பேசியதில்லை.

காரில்

கிளினிக்கிலிருந்து திரும்பும்போது மாலதி காரை ஓட்டினாள். அவள் சிங்கப்பூரில் வேலை செய்பவள். என்னை அழைத்துச் செல்வதற்காக விடுப்பு எடுத்திருந்தாள். என் கண்ணில் பகல் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. கைக்குட்டையால் மூடிக்கொண்டேன்.

"அப்பா, ஃபிரிட்ஜ்ல முட்டைக்குப் பக்கத்துல ஒரு சொட்டு மருந்து இருக்கே, அது என்னா?"

"அது பழசு."

"பழசு எப்படிப்பா, போன வாரம் இல்லயே. லேபில படிச்சேன். டாக்டர் எத விடக்கூடாதுன்னு சொன்னாங்களோ அதேதான்."

"வீட்டு விஷயத்த வெளிய பேசுற பழக்கம் நமக்கு இல்ல."

"டாக்டர்கிட்டப்பா. பாசார்லயா போயிச் சொல்லச் சொன்னேன்?"

செனாய் விமான நிலையத்துக்குப் பிரியும் சாலை கடந்து போயிற்று.

"நான் சொல்லப் போறதில்ல," என்றாள். "நீங்கதான் சொல்லணும். அடுத்த புதன் செக்கப். அதுக்குள்ள சொல்லிருங்க."

என் போத்தலைப் பற்றி மட்டுமே அவளுக்குத் தெரியும். லெட்சுமியிடம் இன்னொன்று இருப்பது தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். வீட்டு வாசல் வந்துவிட்டது.

தேதி முடிந்த மருந்து

அன்று மாலையே லெட்சுமியின் வீட்டுக்குப் போனேன். மூன்று தெரு தள்ளித்தான். நடந்து போகும்போதே சொல்ல வேண்டியதை மனத்துக்குள் கட்டி வைத்துக்கொண்டேன். நான் தவறான மருந்து கொடுத்துவிட்டேன், லெட்சுமி. அவ்வளவே. அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

அவள் கதவைத் திறந்தாள். கூடத்தில், சனிக்கிழமை மண்டபத்தில் இருந்த பெண்களில் ஒருத்தி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஐயா, ஒக்காருங்க. ஒங்க கண்ணுக்கு என்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒன் கண்ணக் காட்டு."

"பாருங்க. சுத்தமாப் போயிருச்சு. சூப்பர்வைசர்கூட கேட்டாரு, என்னா மருந்து போட்டன்னு. எங்க டாக்டரய்யா மருந்துன்னேன்."

தேநீர் குடித்தவள் தலையசைத்தாள். கண் வெள்ளையாக, அழகாக இருந்தது. அந்த வெண்மையின் பொருள் என்ன என்று அன்று காலையில்தான் ஒருவர் எனக்கு விளக்கியிருந்தார்.

நான் கட்டிவைத்திருந்த வாக்கியம் ஒன்று. வெளியே வந்தது வேறொன்று.

"அந்தப் போத்தலக் குடு. தேதி முடிஞ்சிருச்சு. நான் கவனிக்கல."

"பரவால்ல ஐயா, நல்லாத்தான வேல செஞ்சிச்சு."

"குடு லெட்சுமி. ஒரு நட கண் கிளினிக்குல காட்டிரு."

"நல்லாருக்குற கண்ண எதுக்கு ஐயா காட்டணும்? திருவிழாவுக்கு லீவு எடுத்தாச்சு. இன்னொரு லீவு கேட்டா சுசா லா, குடுக்க மாட்டாங்க."

நான் வற்புறுத்தவில்லை. போத்தலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மருந்தையும் நிறுத்தியாயிற்று, பெயரையும் காத்தாயிற்று என்று அப்போது எனக்குத் தோன்றியது. இரண்டு போத்தல்களையும் கழுவுதொட்டியில் ஊற்றிக் காலி செய்தேன்.

ஒரு வாரம்

எனக்குத் தந்த களிம்பை நாளைக்கு ஐந்து முறை இமைக்குள் இட வேண்டும். இட்டவுடன் உலகம் எண்ணெய்த்தாள் வழியாகத் தெரியும். அந்த மங்கலோடு ஒவ்வொரு நாளும் நான் லெட்சுமி வீட்டு வழியே நடந்தேன்.

முதல் நாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கையை உயர்த்தி, "நல்லாருக்கு ஐயா," என்றாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வேலைக்குப் புறப்பட்டு, தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாலையோரம் நின்றாள். கண்ணில் நீர் கோத்திருந்ததுபோல எனக்குப் பட்டது. வெயிலாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டேன். நிறுத்திக் கேட்டிருக்கலாம். மற்றப் பெண்களும் அங்கே நின்றிருந்தார்கள்.

அதன் பிறகு மூன்று நாட்கள் அவள் வீட்டுச் சன்னல் சாத்தியே இருந்தது. நான் வாயிற்கதவு வரை போய்த் திரும்பினேன்.

புதன்கிழமை காலை. மாலதி காரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். லெட்சுமி எங்கள் வாசலில் வந்து நின்றாள். வலது கண்ணின்மேல் ஒரு துவாலையை மடித்து அழுத்தியிருந்தாள்.

"ஐயா, மூணு நாளா வலி தாங்கல. மருந்து விட்டாலும் நிக்க மாட்டேங்குது."

"எந்த மருந்து?"

"ஒங்க மருந்துதான். தேதி முடிஞ்சிருச்சுன்னு எடுத்துக்கிட்டீங்கள்ல, மறுநாளே புதுசா வாங்கிட்டேன். டாக்டரய்யா சொன்னாருன்னு சொன்னேன். கடையில ஒண்ணுமே கேக்காமக் குடுத்தாங்க."

துவாலையை விலக்கச் சொன்னேன். கைவிளக்கின் ஒளியை அவள் கண்ணில் காட்டினேன். கருவிழியில், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, சாம்பல் கலந்த வெள்ளைப் புள்ளி ஒன்று இருந்தது. அதன் விளிம்புகள் பஞ்சின் இழைகளைப் போலப் பிரிந்து நீண்டிருந்தன.

மாலதி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். காரின் பின்கதவைத் திறந்து, "ஏறுங்க அக்கா," என்றாள்.

இரண்டு நாற்காலிகள்

டாக்டர் கவிதா எனக்குரிய நேரத்திலேயே லெட்சுமியையும் பார்க்க ஒப்புக்கொண்டார். அவளைக் கருவியின் முன் அமர்த்தினார்கள். நான் சென்ற வாரம் மாலதி அமர்ந்திருந்த நாற்காலியில் இருந்தேன். மாலதி கதவருகில் நின்றாள்.

நீல ஒளி எரிந்தது. மருத்துவர் வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணுல என்னா பட்டுச்சு அக்கா?"

"தோரணம் கட்டுறப்ப ஓலை அடிச்சிச்சு டாக்டர்."

"எத்தன நாளாச்சு?"

"ரெண்டு வாரம் ஆகப் போவுது."

"மருந்து எதும் விட்டீங்களா?"

"விட்டேன்."

"யாரு குடுத்தா?"

லெட்சுமி முகவாயைத் தாங்கியில் வைத்தபடியே இடது கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள். பிறகு மருத்துவரைப் பார்த்தாள்.

"யாரும் குடுக்கல. நானாதான் கடையில வாங்குனேன்."

"சீட்டு இல்லாமயா குடுத்தாங்க? பேரு எப்படித் தெரியும் ஒங்களுக்கு?"

"சும்மா, யாரோ சொன்னாங்க லா."

அவள் கை மடியில் இருந்த துவாலையைச் சுருட்டிக்கொண்டிருந்தது. தன் கண் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் அவள் என் பெயருக்கு மறைப்புக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் இருந்தால் அந்த அறையில் எவரும் பேசப்போவதில்லை. மாலதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. பள்ளியில் வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுவோமே, அதைப் போல.

"டாக்டர், அந்த மருந்த நான் குடுத்தேன். மொத போத்தல் என்னோடது. ஸ்டீராய்டு கலந்தது. என் கண்ணுலயும் அதத்தான் விட்டேன். போன வாரம் ஒங்ககிட்ட நான் சொன்னது பொய்."

குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. மருத்துவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் விசைப்பலகையை அருகில் இழுத்துக்கொண்டு, "மருந்து பேரு? ஒரு நாளைக்கு எத்தன தடவ? எத்தன நாள்? மொதல்ல ஒங்களுக்கு, அப்புறம் இவங்களுக்கு," என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார்.

"இது தெரிஞ்சது நல்லது," என்றார் கடைசியில். "இப்பவே சொரண்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்புறேன். பூஞ்சைக்கு மருந்து இன்னிக்கே ஆரம்பிச்சிருவோம்."

மரத்துப்போகும் சொட்டுகளை விட்டு, மெல்லிய கத்தியால் அந்தப் புள்ளியின் மேலிருந்து துகள்களைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தேய்த்தார். லெட்சுமி அசையவில்லை. மாலதி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் நிற்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் நான் சுவரோரமாகவே நின்றேன்.

"பாக்க முடியுமா டாக்டர்? கண்ணாடி வச்சுப் பாக்குற வேல என்னோடது," என்றாள் லெட்சுமி.

"புள்ளி நட்ட நடுவுல இல்ல. அது ஒரு நல்ல விஷயம். மத்தத இப்பச் சொல்ல முடியாதுக்கா. மருந்து ஒரு மணிக்கு ஒரு தடவ விடணும். மறக்கவே கூடாது."

வெளியே வந்ததும் லெட்சுமி என் பக்கம் திரும்பினாள். கண்ணின்மேல் மூடி ஒட்டியிருந்தார்கள்.

"தேதி முடிஞ்சிருச்சுன்னீங்க," என்றாள்.

காரில் மாலதிக்குப் பக்கத்தில், முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

வீடு வீடாக

மறுநாள் ஒரு தாளை எடுத்து, கடந்த ஓராண்டில் அந்த மருந்தை யார் யாருக்குக் கொடுத்தேன் என்று எழுதத் தொடங்கினேன். எழுத எழுதப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. மாலதி காரை ஓட்ட, ஒவ்வொரு வீடாகப் போனேன். இம்முறை வாக்கியத்தை மாற்றவில்லை. நான் கொடுத்த மருந்து தவறு, திருப்பிக் கொடுங்கள், கண் கிளினிக்கில் காட்டுங்கள்.

ஒரு வீட்டில் போத்தலைத் தர மறுத்துவிட்டார்கள். "நல்ல மருந்துங்க ஐயா, எங்க மாமியாருக்கு இது ஒண்ணுதான் கேக்குது," என்றார் அந்த வீட்டு மருமகன். அரைமணி நேரம் நின்று மன்றாட வேண்டியிருந்தது. மருந்துக் கடைக்காரரிடமும் சொன்னேன். அவர் முகம் கோணிற்று. கோயில் நிர்வாகத்தில் முகாம் பொறுப்பிலிருந்து விலகியபோது ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "இதெல்லாம் வெளிய சொல்லிக்கிட்டு இருக்கணுமாங்க? ஒங்க மரியாதை என்னாவறது?" என்றார். அவர் என் நன்மைக்காகவே கேட்டார். ஒரு வாரத்துக்கு முன்பு நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

சோதனை முடிவு பூஞ்சை என்றே வந்தது. மாதக்கணக்கில் மருந்து விட்டாள். புண் ஆறிற்று. கண் பிழைத்தது. ஆனால் கண்மணியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு ஒரு தழும்பு நின்றுவிட்டது. படிக்க முடிகிறது, தெருவில் நடக்க முடிகிறது. கண்ணாடிக்குக் கீழே அந்தச் சிறு பாகங்களைப் பார்த்தால் விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. தொழிற்சாலையில் அவளைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். தழும்பை மாற்ற கார்னியா மாற்று அறுவை செய்யலாமா என்பதை இன்னும் சில மாதம் கழித்தே முடிவு செய்ய முடியும் என்கிறார் டாக்டர் கவிதா.

என் கண்ணிலும் மங்கல் தங்கிவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

சென்ற மாதம் இருவருக்கும் ஒரே நாளில் பரிசோதனை அமைந்தது. காத்திருப்புக் கூடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. வெகுநேரம் சுவரில் மாறிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பத்திரிகையில எழுதுறீங்களே," என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமல். "இதயும் எழுதுவீங்களா?"

"நீ வேணாம்னா எழுத மாட்டேன்."

அவள் யோசித்தாள்.

"எழுதுங்க. என் பேர மாத்திருங்க. பேக்கிங்ல நாலஞ்சு பேரு அந்தப் பத்திரிகை வாங்குறாங்க."

"மாத்திடுறேன்."

அவள் எண் வந்தது. எழுந்தாள். இரண்டடி நடந்தவள் நின்று, அந்தக் காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சற்றுக் குனிந்தாள்.

"ஒங்க பேர மாத்திராதீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.